விமான மைல் புள்ளிகள்

விமான மைல் புள்ளிகள் என்பவை, தம்மிடம் அடிக்கடி பயணம் செய்வோருக்கும், தம்முடன் உடன்பாடு கொண்ட வங்கிகள், தங்கும் விடுதிகள், அங்காடிகள் ஆகியவற்றின் வாடிக்கையாளருக்கும் விமான நிறுவனங்கள் வழங்கும் வெகுமதி அலகுகள் ஆகும். இவை சுருக்கமாக மைல்கள் எனப்படுகின்றன. இவற்றை வழங்கும் ஏற்பாடு அடிக்கடி பறப்போர் திட்டம் என்று அழைக்கப்படுகிறது. உறுப்பினர் தம் கணக்கில் சேர்ந்த மைல்களைக் கொடுத்துப் பயணச்சீட்டு, உயர்வகுப்பு இருக்கை, கூடுதல் பயணப்பொதி முதலியவற்றைப் பெறலாம்.

மைல்களை ஈட்ட விமானத்தில் பறப்பது இன்றியமையாதது அன்று. கடனட்டைச் செலவு, சலுகைக் காலக் கூடுதல் மைல்கள், தள்ளுபடி விலையில் மைல் வாங்குதல் போன்ற வழிகளில் குறைந்த செலவில் மைல்களைச் சேர்ப்பது பலருக்கு ஒரு பொழுதுபோக்காகவும், சிலருக்கு வெளிநாடு செல்லும் வழியாகவும் விளங்குகிறது. எனினும் மைலின் மதிப்பைத் தீர்மானிப்பது அதனை வழங்கும் நிறுவனமே. ஆகவே மலிவாக ஈட்டிய மைல், பயன்படுத்தும் நாள் வரையில் அதே மதிப்புடன் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இந்தியாவில் 2012 முதல் 2024 வரையிலான காலத்தில் நடைபெற்ற பல நிகழ்வுகள் இதற்குச் சான்றாக உள்ளன.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டு விமானத்துறைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் நிறைவேறிய பின்னர், விமான நிறுவனங்கள் கட்டணத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை பெற்றன. போட்டி மிகுந்த சூழலில் பயணிகளைத் தக்கவைத்துக்கொள்ளும் பொருட்டு, பறந்த தொலைவைக் கணக்கிட்டு வெகுமதி வழங்கும் முறை தோன்றியது. டெக்சாஸ் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸ் 1979 இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் அட்வான்டேஜ் திட்டம் 1981 மே 1 அன்று தொடங்கியது. அதே மாதத்தில் யுனைட்டட் ஏர்லைன்ஸ் மைலேஜ் பிளஸ் திட்டத்தை அறிவித்தது. பறந்த தொலைவு மைல்களில் அளக்கப்பட்டதால் வெகுமதி அலகுக்கும் மைல் என்ற பெயரே நிலைத்தது.

ஆசியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் கிரிஸ்பிளையர் 1999 இலும், துபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஸ்கைவார்ட்ஸ் 2000 இலும் தொடங்கின. இலங்கையின் சிறீலங்கன் ஏர்லைன்ஸ் பிளைஸ்மைல்ஸ் என்னும் திட்டத்தை நடத்துகிறது.

தொடக்கத்தில் மைல்கள் பறந்த தொலைவிற்கு ஏற்ப வழங்கப்பட்டன. இதனால் நீண்ட தொலைவுக்கு மலிவான பயணச்சீட்டு கிடைக்கும்போது, செல்ல வேண்டிய தேவை ஏதும் இன்றி மைலுக்காக மட்டுமே பறந்து திரும்புவோரும் இருந்தனர். டெல்டா, யுனைட்டட் ஆகியவை 2015 இலும், அமெரிக்கன் 2016 இலும் கட்டணத்திற்கு ஏற்ப மைல் வழங்கும் முறைக்கு மாறின. ஏர் இந்தியா 2024 இல் இம்முறைக்கு மாறியது. இம்மாற்றத்திற்குப் பின்னர், மலிவுச் சீட்டில் பறந்து மைல் சேர்ப்பதனால் கிடைக்கும் பயன் குறைந்தது.

செயற்படும் முறை

விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை மைல் ஒரு விற்பனைப் பொருள் ஆகும். கடனட்டையைப் பயன்படுத்துவோருக்கு வழங்குவதற்காக வங்கிகள் விமான நிறுவனங்களிடம் பெருமளவில் மைல்களை விலைகொடுத்து வாங்குகின்றன. கடைக்காரர் ஒவ்வொரு அட்டைப் பரிமாற்றத்திற்கும் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதியும், தவணை தவறியோர் கட்டும் வட்டியும், அட்டையின் ஆண்டுக் கட்டணமும் வங்கிக்கு இச்செலவை ஈடுசெய்கின்றன. ஆகவே ஒருவர் பெறும் இலவசப் பயணத்தின் செலவைப் பிறர் ஒருவகையில் ஏற்கின்றனர் எனலாம்.

இவ்வணிகத்தின் அளவு 2020 ஆம் ஆண்டு கோவிட்-19 பெருந்தொற்றின்போது வெளிப்பட்டது. விமானச் சேவைகள் பெரிதும் குறைந்த அக்காலத்தில், யுனைட்டட் ஏர்லைன்ஸ் தனது மைல் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி அமெரிக்க டாலரும், டெல்டா 900 கோடி அமெரிக்க டாலரும் கடனாகத் திரட்டின.

கணக்கியல் நோக்கில், பயன்படுத்தப்படாத மைல் நிறுவனத்தின் ஒரு கடப்பாடு ஆகும். இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 115 இன்படி, மைலுக்கு உரிய வருவாய்ப் பகுதி அது பயன்படுத்தப்படும் வரை அல்லது காலாவதியாகும் வரை ஒத்திவைக்கப்படுகிறது. ஒரு பயணத்திற்குத் தேவையான மைல்களின் எண்ணிக்கையை உயர்த்தினால், உறுப்பினர் கணக்கிலுள்ள எண் மாறாமலேயே அதன் வாங்கும் திறன் குறைகிறது. இது மதிப்புக் குறைப்பு எனப்படுகிறது. நாணயத்தின் மதிப்புக் குறைவதைப் போன்றதே இதுவும். ஆயினும் இங்கு நாணயத்தை வெளியிடுவதும், அதனைக்கொண்டு வாங்கத்தக்க பொருளை விற்பதும் ஒரே நிறுவனம் ஆகும்.

மலிவாக ஈட்டும் வழிகள்

குறைந்த செலவில் மைல் ஈட்டப் பொதுவாகப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

* வரவேற்புச் சலுகை: புதிய கடனட்டை பெற்று, குறித்த காலத்திற்குள் குறித்த தொகையைச் செலவிடுவோருக்கு ஒருமுறை வழங்கப்படும் கூடுதல் புள்ளிகள்.
* செலவு இலக்குச் சலுகை: மாதத்திலோ ஆண்டிலோ குறித்த செலவு இலக்கை எட்டுவோருக்கு வழங்கப்படுபவை.
* மாற்றுச் சலுகை: வங்கிப் புள்ளிகளை விமான மைல்களாக மாற்றும்போது குறுகிய காலத்திற்கு வழங்கப்படும் கூடுதல் விழுக்காடு.
* மைல் விற்பனை: விமான நிறுவனமே மைல்களை நேரடியாக விற்பது. 1 மைல் 2 ரூபாய் என்ற விலையில், வாங்கும் அளவுக்கு இணையாக மேலும் 100 விழுக்காடு இலவசம் என அறிவிக்கப்பட்டால், அடக்க விலை 1 ரூபாய் ஆகிறது. 2015 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திட்டத்துடன் இணைக்கப்பட்ட யூ.எஸ். ஏர்வேஸ் நிறுவனத்தின் டிவிடென்ட் மைல்ஸ் திட்டம் இத்தகைய விற்பனைகளுக்குப் பெயர்பெற்றது.
* கொள்முதல் சலுகை: உடன்பாடு கொண்ட கடை, விடுதி, வாடகை மகிழுந்து ஆகியவற்றில் செலவிடுவோருக்கு வழங்கப்படுபவை.
* மீட்புத் தள்ளுபடி: குறைந்த மைல்களுக்குப் பயணச்சீட்டு வழங்குவது. கிரிஸ்பிளையர் திட்டத்தில் மாதந்தோறும் தெரிவுசெய்த சில தடங்களுக்கு 30 விழுக்காடு வரை குறைத்து அறிவிக்கப்படுவது இவ்வகையைச் சேர்ந்தது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

1999 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவில் ஓர் உணவு நிறுவனம் தனது பொருள்களின் 10 பட்டைக் குறியீடுகளை அனுப்புவோருக்கு 500 மைல்களும், தொடக்கக் காலத்தில் அனுப்புவோருக்கு அதன் இருமடங்கும் வழங்குவதாக அறிவித்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், அந்நிறுவனம் விற்ற பொருள்களுள் 25 சென்ட் விலையுள்ள சிறு புட்டிங் கிண்ணமே மிக மலிவானது என்பதைக் கண்டறிந்து, 12,150 கிண்ணங்களை வாங்கினார். குறித்த நாளுக்குள் இத்தனை பட்டைக் குறியீடுகளையும் பிரித்தெடுக்க ஆள் போதாமையால், உணவைத் தொண்டு நிறுவனம் ஒன்றிற்கு நன்கொடையாக வழங்கி, அதன் தொண்டர்களைக் கொண்டு குறியீடுகளைப் பிரித்துப் பெற்றார். ஏறத்தாழ 3,140 டாலர் செலவில் 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட மைல்கள் அவருக்குக் கிடைத்தன. 2002 இல் வெளியான பஞ்ச் டிரங்க் லவ் என்னும் திரைப்படத்தில் இந்நிகழ்வு எடுத்தாளப்பட்டுள்ளது.

ஐக்கிய அமெரிக்க நாணயச்சாலை, ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்திற்குக் கொண்டுவரும் நோக்குடன் அவற்றை முகமதிப்பிற்கே, அஞ்சல் செலவின்றி வீட்டிற்கு அனுப்பும் திட்டத்தை 2008 இல் தொடங்கியது. சிலர் கடனட்டை மூலம் நாணயங்களை வாங்கி, அவற்றை அப்படியே வங்கியில் செலுத்தி, அத்தொகையைக் கொண்டு அட்டைக் கடனை அடைத்தனர். கைப்பணம் ஏதும் செலவாகாமல் மைல்கள் மட்டும் சேர்ந்தன. நாணயங்கள் மக்களிடையே புழங்காமல் வங்கிகளுக்கே திரும்பியதால், 2011 சூலை மாதத்தில் இத்திட்டத்திற்குக் கடனட்டை ஏற்கப்படுவது நிறுத்தப்பட்டது. ஒரு வழி பரவலாக அறியப்பட்டதும் அது அடைக்கப்படும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

இந்தியாவில்

இந்தியாவில் மைல் திட்டங்களின் வரலாறு, பெரும்பாலும் அவற்றை நடத்திய நிறுவனங்களின் எழுச்சி வீழ்ச்சிகளைச் சார்ந்தது.

கிங்பிஷர் ஏர்லைன்ஸ் 2005 மே மாதம் பறக்கத் தொடங்கியது. அதன் மைல் திட்டம் கிங் கிளப் எனப்பட்டது. கடன் சுமையால் 2012 அக்டோபரில் அந்நிறுவனத்தின் சேவை நின்றது. அதன்பின் அது மீண்டும் பறக்கவில்லை. உறுப்பினர்களின் மைல்களும் பயனற்றுப் போயின.

1993 இல் சேவையைத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் ஜெட்பிரிவிலேஜ் திட்டம், பல வங்கிகளின் இணை அட்டைகள் வாயிலாக நகர்ப்புற நடுத்தர வகுப்பினரிடையே பரவியது. இத்திட்டம் ஒரு தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, அதன் 50.1 விழுக்காட்டுப் பங்குகளை அபுதாபியின் எதிகாட் 2014 இல் வாங்கியது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. எனினும் திட்டம் தனி நிறுவனமாக இருந்தமையால் உறுப்பினர்களின் புள்ளிகள் அன்றே அழியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அது இன்டர்மைல்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. பிற நிறுவனங்களின் பயணச்சீட்டு, பொருள்கள் ஆகியவற்றிற்குப் புள்ளிகளைப் பயன்படுத்த முடிந்தது. ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தைக் கலைக்குமாறு 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஏர் இந்தியாவின் திட்டம் நீண்டகாலம் பிளையிங் ரிட்டர்ன்ஸ் என்னும் பெயரில் இயங்கியது. 2014 சூலை 11 அன்று ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இணைந்தது. அதன்பின் இத்திட்டத்தின் மைல்களைக் கொண்டு அக்கூட்டணியைச் சேர்ந்த வெளிநாட்டு நிறுவனங்களிலும் பறக்க இயன்றது. விஸ்தாரா நிறுவனம் 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது, கிளப் விஸ்தாரா புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் ஏர் இந்தியாவின் திட்டத்திற்கு மாற்றப்பட்டன. இத்திட்டம் மகாராஜா கிளப் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

2006 இல் தொடங்கிய இன்டிகோ, நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமாக வளர்ந்த பின்னரும் நெடுங்காலம் இத்தகைய திட்டம் எதையும் நடத்தவில்லை. குறைந்த கட்டணமே தனது வெகுமதி என்பதாக அதன் போக்கு அமைந்திருந்தது. 2024 இல் புளூசிப் என்னும் திட்டத்தை அது அறிவித்தது.

கடனட்டைப் புள்ளிகளும் மதிப்புக் குறைப்பும்

2020 களில் இந்தியாவில் மலிவாக மைல் ஈட்டுவதற்கு முதன்மையான வழியாகக் கடனட்டை விளங்கியது. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டை இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வட்டையில் 200 ரூபாய்ச் செலவிற்கு 12 புள்ளிகள் வழங்கப்பட்டன. ஒரு மாதத்தில் 1 இலட்சம் ரூபாய் செலவிட்டால் மேலும் 25,000 புள்ளிகள் கிடைத்தன. 5 புள்ளிகளை 4 மைல்களாக மாற்றிக்கொள்ளலாம்.

இதன்படி 1 இலட்சம் ரூபாய்ச் செலவிற்கு 6,000 உடன் 25,000 சேர்த்து 31,000 புள்ளிகள், அதாவது 24,800 மைல்கள் கிடைத்தன. 2023 செப்டம்பர் 1 முதல் மாதாந்திர 25,000 புள்ளிச் சலுகை நீக்கப்பட்டது. மாற்று வீதம் 5 புள்ளிகளுக்கு 2 மைல்கள் எனக் குறைக்கப்பட்டது. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக உயர்ந்தது. மாதம் 1.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவிற்கு மட்டும் உயர்ந்த வீதம் அளிக்கப்பட்டது. மாற்றத்திற்குப் பின்னர் அதே 1 இலட்சம் ரூபாய்ச் செலவிற்குக் கிடைப்பவை 2,400 மைல்கள் மட்டுமே. அதாவது பயன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. மாற்று வீதம் அந்நாளுக்கு முன் ஈட்டிச் சேர்த்துவைத்த புள்ளிகளையும் பாதித்தது.

வீட்டு வாடகையைச் செயலிகள் வழியாகக் கடனட்டையில் செலுத்தி இலக்கை எட்டும் முறையும் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஐசிஐசிஐ வங்கி 2022 அக்டோபர் 20 முதல் வாடகைப் பரிமாற்றங்களுக்கு 1 விழுக்காடு கட்டணம் விதித்தது. 2025 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, பணச்செலுத்துகைத் திரட்டிகளுக்கான புதிய நெறிமுறைகளை வெளியிட்டதை அடுத்து, பல செயலிகள் கடனட்டைவழி வாடகைச் சேவையை நிறுத்தின.

சென்னையின் தென்புறநகரில்

சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையம் நகரின் தெற்கே மீனம்பாக்கம், திரிசூலம் பகுதியில் அமைந்துள்ளது. திரிசூலம் புறநகர்த் தொடர்வண்டி நிலையம் இதன் எதிரில் உள்ளது. 2016 செப்டம்பரில் மெட்ரோ தொடர்வண்டிச் சேவையும் இங்கு வந்தது. இதனால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு வானூர்தி நிலையம் அண்மையில் உள்ளது. தாம்பரத்திற்குத் தென்மேற்கே, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பை, காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகும். அதே சாலையில் அடுத்துள்ள ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்பீல்டு முதலிய வாகனத் தொழிற்சாலைகள் 2010 முதல் அமைந்தன. தொழில் நிமித்தம் வெளியூரும் வெளிநாடும் செல்லும் பொறியாளர்களும், வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய இடங்களில் உறவினர் உள்ள குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றனர்.

பறந்த தொலைவின்படி கணக்கிட்டால், சென்னை – டெல்லி ஏறத்தாழ 1,100 மைல்கள். சென்னை – சிங்கப்பூர் ஏறத்தாழ 1,800 மைல்கள். படப்பையில் வசிக்கும் ஒருவர் மாதம் ஒருமுறை டெல்லி சென்று திரும்பினால், ஆண்டிற்கு ஏறத்தாழ 26,400 மைல்கள் சேரும். கட்டண அடிப்படையிலான திட்டங்களில் இக்கணக்குப் பொருந்தாது. அங்கு முன்கூட்டியே மலிவாகப் பதிவு செய்தவருக்குக் குறைவாகவும், கடைசி நேரத்தில் உயர்விலையில் சீட்டு வாங்கியவருக்கு மிகுதியாகவும் மைல்கள் கிடைக்கும்.

சென்னையிலிருந்து பறக்கும் நிறுவனங்களுள் ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ், லுப்தான்சா ஆகியவை ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியையும், சிறீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ், பிரித்தானிய ஏர்வேஸ் ஆகியவை ஒன்வேர்ல்டு கூட்டணியையும் சேர்ந்தவை. எமிரேட்ஸ் எக்கூட்டணியையும் சாராதது. மைல்களைப் பல திட்டங்களில் சிதறவிடாமல், தாம் வழக்கமாகச் செல்லும் தடத்திற்கு ஏற்ற ஒரு கூட்டணியில் சேர்ப்பது பயனுடையது.

அலுவல் பயணத்தில் ஈட்டும் மைல் யாருக்கு உரியது என்பதில் வேறுபாடு உண்டு. தனியார் நிறுவனங்களில் இது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. நடுவண் அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை, அலுவல் பயணத்தில் ஈட்டிய மைல்களைத் துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்றும், சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தினால் துறைவழி நடவடிக்கைக்கு உள்ளாக நேரும் என்றும் நிதி அமைச்சகத்தின் 2017 சூலை 13 நாளிட்ட ஆணை கூறுகிறது.

மதிப்பைக் கணக்கிடல்

ஒரு மைலின் மதிப்பைப் பின்வருமாறு கணக்கிடலாம். பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் சீட்டின் விலையிலிருந்து, மைல் கொடுத்துப் பெறும் சீட்டிற்குச் செலுத்த வேண்டிய வரியையும் கட்டணங்களையும் கழித்து, மீதியைத் தேவைப்படும் மைல்களால் வகுக்க வேண்டும். 24,000 ரூபாய் விலையுள்ள சீட்டிற்கு 18,000 மைல்களும் 6,000 ரூபாய் வரியும் தேவை எனக் கொண்டால், மீதியுள்ள 18,000 ரூபாயை 18,000 ஆல் வகுக்க, மைலின் மதிப்பு 1 ரூபாய் ஆகும். மைல் ஒன்றை 60 காசுக்கு ஈட்டியவருக்கு இதில் ஆதாயம் உண்டு. 1 ரூபாய் 20 காசுக்கு வாங்கியவருக்கு இழப்பே ஏற்படும்.

இக்கணக்கில் ஆண்டுக் கட்டணத்தையும், இலக்கை எட்டுவதற்காகவே செய்யப்பட்ட தேவையற்ற செலவையும் சேர்க்க வேண்டும். அட்டைக் கடனை முழுமையாக அடைக்காவிட்டால் கணக்கு முற்றிலும் தலைகீழாகும். மாதம் 3.5 விழுக்காடு வட்டியில் 1 இலட்சம் ரூபாய் ஒரு மாதம் நிலுவையில் நின்றால், வட்டி 3,500 ரூபாயும், அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியாக 630 ரூபாயும் ஆக 4,130 ரூபாய் செலுத்த நேரும். அதே 1 இலட்சத்திற்கு 2,000 மைல்கள் கிடைத்து, ஒவ்வொன்றும் 1 ரூபாய் மதிப்புடையதாயினும் வரவு 2,000 ரூபாயே. கடனட்டை வட்டிக்கு ஆண்டிற்கு 30 விழுக்காடு என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 இல் விதித்த உச்சவரம்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கியது.

சட்டநிலை

மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல என்றும், விதிகளை மாற்றும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு என்றும் பெரும்பாலான திட்டங்களின் விதிமுறைகள் கூறுகின்றன. மைல்களைப் பிறருக்கு விற்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. மீறுவோரின் கணக்கு முடக்கப்படலாம்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988 இல், ஏற்கனவே ஈட்டிய மைல்களுக்கும் பொருந்துமாறு விதிகளை மாற்றியதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், ஒப்பந்த மீறல் என்ற அடிப்படையில் வழக்குத் தொடரலாம் என ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. ஆனால் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் தமது உறுப்புரிமையை நீக்கியதை எதிர்த்து யூத மதகுரு ஒருவர் தொடர்ந்த வழக்கில், ஒப்பந்தத்தில் எழுதப்படாத நன்னம்பிக்கைக் கடமையைக் காட்டி மினசோட்டா மாநிலச் சட்டத்தின்கீழ் கோர இயலாது என 2014 இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978 ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது.

இந்தியாவில் கடனட்டை தொடர்பான சில பாதுகாப்புகள் 2022 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, கேட்காமல் அட்டை வழங்குதல் கூடாது. நிலுவை இல்லாத அட்டையை மூடக் கோரினால் 7 வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு வழங்க வேண்டும். வரவேற்புச் சலுகைக்காக அடுத்தடுத்துப் பல அட்டைகளுக்கு விண்ணப்பிப்பது, ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் தகவல் அறிக்கையில் பதிவாவதால், பின்னாளில் வீட்டுக்கடன் பெறுவதைப் பாதிக்கக்கூடும்.

பயன்பாட்டில் கருதத்தக்கவை

மைல்கள் வட்டி தருவதில்லை. பெரும்பாலான திட்டங்களில் காலாவதியும் ஆகின்றன. கிரிஸ்பிளையர் மைல்கள் பொதுவாக மூன்று ஆண்டுகள் மட்டுமே செல்லும். மைல்களுக்கென ஒதுக்கப்படும் இருக்கைகள் குறைவு ஆதலால், பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை ஆகிய காலங்களில் அவை கிடைப்பது அரிது. வங்கிப் புள்ளிகளை விமான மைல்களாக மாற்றிய பின்னர் பொதுவாக மீண்டும் புள்ளிகளாக்க இயலாது. எனவே இருக்கை உள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்து, பின்னரே மாற்றுவது பொருத்தமானது.

சேமிப்பைப் போல மைல்களை ஆண்டுக்கணக்கில் திரட்டி வைத்த கிங் கிளப் உறுப்பினர்கள் அவற்றை முழுமையாக இழந்தனர். 2023 செப்டம்பருக்கு முன்னரே தம் புள்ளிகளை மைல்களாக மாற்றிப் பயணம் மேற்கொண்டவர்கள் அப்போதைய மதிப்பை முழுமையாகப் பெற்றனர். ஆகவே செல்ல வேண்டிய பயணத்தை முதலில் முடிவுசெய்து, அதற்குத் தேவையான அளவு மட்டும் சலுகைக் காலத்தில் ஈட்டி, காலம் தாழ்த்தாமல் பயன்படுத்துவதே மலிவாக ஈட்டிய மைலின் பயனைப் பெறும் வழி ஆகும்.